கற்றாழை நார்த் தட்டு: மூன்றாவது முயற்சி

மொரீஷியஸில் எங்கள் ஊரான வாக்குவாவில் துணி காயாது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். நாரும் காயாது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு தட்டுகள் வீணாக வேண்டியிருந்தது.

ஆசை சின்னதுதான். பூஜைக்குப் பூ வைக்க, பிளாஸ்டிக் இல்லாமல் ஒரு தட்டு. கரும்புச் சக்கையை முதலில் நினைத்தேன். ஆலைகள் அதை எரித்து மின்சாரம் எடுக்கின்றன, சும்மா கிடைக்காது. வேலியோரம் ஃபர்க்ரேயா கற்றாழை இருந்தது. கரீபியன், தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த செடி, ஆனாலும் அதன் நாருக்கு உலகமே வைத்த பெயர் ‘மொரீஷியஸ் ஹெம்ப்’. ஒரு காலத்தில் இங்கே சர்க்கரை மூட்டைக்குச் சாக்கு இந்த நாரில்தான் நெய்தார்கள். 1980-இல் போர்ட் லூயியில் சர்க்கரையை மொத்தமாகக் கப்பலேற்றும் முனையம் வந்த பிறகு மூட்டைக்கே வேலை இல்லை.

நான்கு கிலோ மடல் வெட்டி, பலகையில் வைத்து மழுங்கிய கத்தியால் சுரண்டினேன். கிடைத்த நார் நூறு கிராம். கையுறை போடாததால் சாறு பட்ட இடமெல்லாம் இரவு முழுக்க அரிப்பு. “இதுக்கு ஒரு வாழையிலை போதாதாடா?” என்றார் அம்மா. நியாயமான கேள்வி.

நாரை ஒட்டித் தட்டாக்கும் பிசினுக்கு ‘பயோ’ எபாக்சி (கலந்து ஊற்றினால் இறுகும் செயற்கைப் பிசின்) வரவழைத்தேன். லேபிளைப் படித்தபோது சிரிப்புதான் வந்தது: மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் தாவரம், மிச்சம் பெட்ரோலியம். இறுகிவிட்டால் அது மக்கவும் மக்காது. முதல் தட்டில் நாரைச் சுற்றி வெள்ளைப் புகை போல மங்கல், உள்ளே குமிழ்கள். நகத்தால் நெம்பியதும் அடுக்கு பிரிந்தது. பிசின் மட்டம் என்று திட்டினேன். இரண்டாவது முறை நாரை ஐந்து சதவீதக் காஸ்டிக் சோடாவில் அரை மணி ஊறவைத்து (இந்த முறை கையுறையோடு), மெழுகும் பசையும் போகக் கழுவினேன். ஒட்டுதல் கூடியது, குமிழ் அப்படியே இருந்தது.

அப்புறம்தான் தராசு ஞாபகம் வந்தது. ‘காய்ந்த’ நார் நூறு கிராமை அடுப்புப் பெட்டியில் நூறு டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் எண்பத்தெட்டு. அந்தப் பன்னிரண்டு கிராம் தண்ணீரைத்தான் இரண்டு முறையும் பிசினுக்குள் அடைத்து வைத்திருக்கிறேன். பாவம், பிசினைத் திட்டினேன்.

எபாக்சி மிச்சமிருந்தும் மூன்றாவதை வேறு வழியில் செய்தேன். கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கரைத்து (இங்கே பால் என்றாலே பெரும்பாலும் இறக்குமதிப் பவுடர்தானே), சூடாக்கி, வினிகர் விட்டுத் திரித்து, கழுவிய திரளில் வெற்றிலைச் சுண்ணாம்பு பிசைந்தேன். நல்ல பசை, ஆனால் சில மணி நேரத்தில் கெட்டியாகிவிடும், ஓடி ஓடி வேலை செய்ய வேண்டும். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு நாரைப் பசையில் தோய்த்து, தேன்மெழுகு பூசிய இரண்டு எவர்சில்வர் தட்டுகளுக்கு நடுவே வைத்து, மேலே செங்கல். மூன்று நாள். வெளியே வந்தது கெட்டியாக, தட்டினால் மரம் போலச் சத்தத்தோடு இருந்தது.

தண்ணீர் நின்றால் இளகுகிறது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மூன்று பூச்சு கொடுத்தேன், ஈரப் பூவை வைத்தால் தாங்குகிறது. சூடான தீபத்துக்கு அடியில் வைத்தபோது மட்டும் வெளிறிய வட்டம் விழுந்துவிட்டது. ஒரு ஓரம் லேசாக வளைந்திருக்கிறது, அங்கே நாரைச் சீராகப் பரப்பவில்லை. அடுத்த தட்டுக்கு மடல் வெட்டியாயிற்று. அம்மா இதில் கனகாம்பரம் வைக்க ஆரம்பித்துவிட்டார்.