டப்ளினில் விட்டு வந்த 3,140 யூரோ

2022 மார்ச்சில் டப்ளின் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பெங்களூர் திரும்பும்போது பேங்க் கணக்கை ஒழுங்காக மூடிவிட்டுத்தான் வந்தேன். ஃபோனில் இருந்த பண ஆப்பை மட்டும் அப்படியே வைத்திருந்தேன். வீட்டு அட்வான்ஸ் பாக்கி இருந்தது, அது அதில்தான் வந்து சேர்ந்தது. 3,140 யூரோ. நாலு வருடமாக அதை ஒரு கணக்கு என்றே நான் நினைக்கவில்லை. பால்காரருக்கு ஸ்கேன் செய்து கொடுக்கிறோமே, அந்த மாதிரி ஒரு வாலட் என்று நினைத்திருந்தேன்.

போன நவம்பர் கடைசியில், டப்ளினில் என்னோடு வேலை பார்த்த நண்பருக்கு வருமான வரித் துறையிலிருந்து எஸ்எம்எஸ் வந்தது. அவரும் இப்போது இங்கே மாரத்தஹள்ளியில்தான் இருக்கிறார். வெளிநாட்டில் உங்களுக்குச் சொத்து இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது, ரிட்டர்னில் அதைக் காணோம், டிசம்பர் 31க்குள் திருத்திப் போடுங்கள் என்கிற மாதிரி விஷயம். அவர் அங்கே ஒரு பேங்க் கணக்கை மூடாமல் விட்டிருந்தார். எனக்கு எதுவும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசிக்கப் போய்த்தான் இவ்வளவும் தெரிந்துகொண்டேன்.

நாடுகளுக்குள் கணக்கு விவரம் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு சிஆர்எஸ் என்று பெயர். பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி 2014இல் கொண்டுவந்தது. இந்தியா 2015இல் கையெழுத்துப் போட்டது, 2017 முதல் தகவல் வந்துகொண்டிருக்கிறது. பெயர், பிறந்த தேதி, ஆண்டுக் கடைசியில் இருந்த இருப்பு, வட்டி எல்லாம் வருடா வருடம் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். யாரும் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை.

ஆனால் அந்தப் பழைய விதி டெபாசிட் வாங்கும் நிறுவனங்களை மனதில் வைத்து எழுதியது. என் ஆப் பேங்க் இல்லை, லிதுவேனியாவில் உரிமம் வாங்கிய மின்பண நிறுவனம், அதாவது நம் பணத்தை வாங்கி ஆப்பில் செலவு செய்யும் இருப்பாக வைத்துக் கொடுக்கிறவர்கள். ஐரோப்பாவின் 2009ஆம் ஆண்டு மின்பணச் சட்டப்படி அவர்களிடம் நாம் கொடுப்பது டெபாசிட்டே ஆகாது. அதற்கு வட்டி கொடுக்கக் கூடாது, கேட்டால் அதே மதிப்புக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் இந்த வகைக் கணக்குகளை சிஆர்எஸ்ஸில் சேர்ப்பதா வேண்டாமா என்பது பல வருடம் தெளிவில்லாமலே கிடந்தது.

2023இல் அதை மாற்றி எழுதினார்கள். இப்போது மின்பணமும் உள்ளே வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறை, அந்த விவரங்களின் முதல் பரிமாற்றம் 2027இல். ஒரு விலக்கும் உண்டு. 90 நாள் சராசரி இருப்பு வருடத்தில் ஒரு நாள்கூட 10,000 டாலரைத் தாண்டவில்லை என்றால் அந்தக் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. என் 3,140 யூரோ அந்த விலக்குக்குள்ளேயே அடங்கிவிடும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆப்பைத் திறந்து என் விவரங்களுக்குள் போனால், நான் எந்த நாட்டில் வரி கட்டுகிறவன் என்ற இடத்தில் இன்னும் அயர்லாந்து, கீழே என் பழைய ஐரிஷ் வரி நம்பர். தகவல் போவது நாம் அங்கே எழுதிக் கொடுத்த நாட்டுக்குத்தான். அப்படி ஏதாவது போயிருந்தால்கூட டப்ளினுக்குத்தான் போயிருக்கும். நாடு மாறியதைச் சொல்ல வேண்டியது நான். நாலு வருடமாகச் சொல்லவில்லை. அன்றைக்கே இந்தியா என்று மாற்றி, பான் நம்பரைப் போட்டேன்.

அப்புறம் அல்சூரில் எங்களுக்கு ரிட்டர்ன் போடுகிற ஆடிட்டரிடம் போனேன். “அது வாலட்தானே தம்பி, அவங்க ரிப்போர்ட்டும் பண்ண மாட்டாங்க, விடுங்க” என்றார். நல்ல மனிதர், பல வருடப் பழக்கம். ஆனால் இதில் அவர் சொன்னது சரியில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆப் நிறுவனம் சொல்வது வேறு, நான் சொல்ல வேண்டியது வேறு. அங்கே 10,000 டாலர் விலக்கு இருக்கிறது. நம் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டும் பகுதியான ஷெட்யூல் எஃப்ஏவுக்கு அப்படி ஒரு வரம்பே இல்லை. வீடு, நிலம் நீங்கலாக மற்ற வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சம் ரூபாய் வரை இருந்தால், அதைக் காட்டாமல் விட்டதற்கான 10 லட்சம் ரூபாய் அபராதம் இல்லை என்று 2024 அக்டோபரிலிருந்து சலுகை கொடுத்திருக்கிறார்கள். அது அபராதத்துக்கான சலுகை. காட்ட வேண்டாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

திரும்பி வந்த முதல் இரண்டு நிதியாண்டு நான் ஆர்என்ஓஆர், அதாவது வரிச் சட்டப்படி இன்னும் முழு ரெசிடென்ட் ஆகாதவன். அப்போது இந்த ஷெட்யூல் தேவையில்லை. 2024-25இல் முழு ரெசிடென்ட் ஆகிவிட்டேன். நான் போட்டிருந்தது ஐடிஆர்-1 என்கிற எளிய ரிட்டர்ன் படிவம். வெளிநாட்டுக் கணக்கு இருந்தால் அதைப் போடவே கூடாது. ஐடிஆர்-2இல் திருத்திப் போட உட்கார்ந்தேன்.

அந்த ஷெட்யூலில் நிதியாண்டு கிடையாது, ஜனவரி முதல் டிசம்பர் வரை. நாடு என்ற இடத்தில் கை பழக்கத்தில் அயர்லாந்தைத் தேடியது. ஐபேன் என்கிற சர்வதேசக் கணக்கு எண்ணின் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்தேன், எல்டி. லிதுவேனியா. 2024இல் அதிகபட்ச இருப்பு 3,140, நடுவில் ஒரு ஹோட்டல் பில் போக டிசம்பர் 31இல் 2,655. இரண்டு தேதிக்கும் ஸ்டேட் பேங்க் யூரோவை வாங்கும் விலையை (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் வாங்கும் விலை)த் தனித்தனியாகத் தேடி ரூபாயாக்க வேண்டியிருந்தது. வட்டிக் கட்டத்தில் பூஜ்யம். பேங்க் இல்லாத கணக்கை டெபாசிட் கணக்குகளுக்கான ஏ1 கட்டத்தில் போடலாமா என்று கொஞ்ச நேரம் குழம்பினேன். திருத்திய சிஆர்எஸ் மின்பணத்தை டெபாசிட் கணக்கோடுதான் சேர்க்கிறது, அதனால் அங்கேயே போட்டேன். ஆதார் ஓடிபி வந்து எல்லாம் முடியும்போது இரவு பதினொன்றரை.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, “எனக்கும் அந்த ஆப்ல கணக்கு இருக்குங்களே” என்றாள். உண்மைதான். அங்கே கடைக்குப் போக அவள் பெயரிலும் ஒன்று திறந்திருந்தோம். திறந்து பார்த்தால் 212 யூரோ. இந்தியா வந்தபின் அவளுக்கு வருமானம் இல்லை, ரிட்டர்ன் போட்டதே இல்லை. வருமானமே இல்லாவிட்டாலும், முழு ரெசிடென்ட்டாக இருந்து வெளிநாட்டில் சொத்து இருந்தால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். தாமத ரிட்டர்னுக்கும் கடைசி நாள் அதே டிசம்பர் 31தான். துணியை ஓரமாக வைத்துவிட்டு அவள் பான் கார்டைத் தேடி எடுத்து வந்தாள். லேப்டாப்பை மறுபடி திறந்தேன்.