எச்93.25: ஒரு கோடு, அதன் பின்னால் இருக்க வேண்டிய ரிப்போர்ட்

அமெரிக்க காப்பீட்டு கிளெய்ம்களில் ஆடியாலஜி (செவித்திறன் பரிசோதனை) பக்கம் கோடிங் வேலை செய்பவர்களுக்கு எச்93.25 அடிக்கடி வரும் கோடு இல்லை. அதனாலேயே வரும்போது தப்பு நடக்கிறது. காது நன்றாகக் கேட்கிறது, ஆனால் கேட்டதைப் பிரித்தறிவதில் மூளை தடுமாறுகிறது. மைய செவிச் செயலாக்கக் கோளாறு எனப்படும் அந்த நிலைக்கான ஐசிடி-10-சிஎம் (அமெரிக்க நோய்க்கோடு பட்டியல்) கோடு இது. வலது, இடது, இருபுறம் என்ற பிரிவு இதில் கிடையாது. பக்கத்து வீட்டுக் கோடான எச்93.29-க்கு உண்டு என்பதால், ஆறாவது இலக்கத்தைத் தேடி நேரத்தை வீணாக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கோடு ஒரு முடிவு. அந்த முடிவை ஆடியாலஜிஸ்ட் எழுதியிருக்க வேண்டும், கோடர் ஊகிக்கக் கூடாது. "சந்தேகம்", "இருக்கலாம்", "ரூல் அவுட்" என்று எழுதியிருந்தால் வெளிநோயாளி விதிப்படி எச்93.25 போட முடியாது. பரிசோதனைக்கு அனுப்பக் காரணமான அறிகுறியைத்தான் கோடு செய்ய வேண்டும். எல்லா டெஸ்டும் நார்மல் என்றாலும் இதே கதைதான். "பரிசோதனை செய்தோமே, அந்த நோயின் கோடு போட்டால் என்ன?" என்ற வாதம் ஆடிட்டில் நிற்காது.

முடிவு எழுதியிருந்தாலும் அதற்கு ஆதாரம் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க ஆடியாலஜி அகாடமியின் 2010 வழிகாட்டுதல் சொல்வது: குறைந்தது இரண்டு டெஸ்டுகளில், குறைந்தது ஒரு காதில், மதிப்பெண் சராசரியிலிருந்து 2 எஸ்டி (திட்ட விலக்கம்) அல்லது அதற்கு மேல் கீழே இருக்க வேண்டும். ஆகவே "டைகாட்டிக் டிஜிட்ஸில் சிரமப்பட்டான்" என்ற வரி போதாது (இரு காதுகளிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு எண்களை ஒலிக்கும் டெஸ்ட் அது). டெஸ்டின் பெயர், ஒலிக்கப்பட்ட அளவு, காதுவாரியாகச் சதவீதம், அந்த வயதுக்கான வரம்பு, எவ்வளவு எஸ்டி விலகல் என ஐந்தும் வேண்டும். அதற்கு முன்னால் ப்யூர் டோன் (எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்ற டெஸ்ட்), பேச்சு அறிதல், டிம்பனோமெட்ரி (நடுக்காது டெஸ்ட்) முடிவுகள் இருக்க வேண்டும். காதிலேயே கோளாறு இருந்தால் மற்ற மதிப்பெண்களை எப்படி நம்புவது? குழந்தையின் வயதையும் பாருங்கள். பெரும்பாலான டெஸ்டுகளுக்கு 7 வயதிலிருந்துதான் நம்பகமான வரம்புகள் உண்டு. கவனக்குறைவுக்கு மருந்து சாப்பிடும் குழந்தை என்றால், அன்று மருந்து எடுத்ததா என்பதும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். வீட்டு மொழி ஆங்கிலம் இல்லையென்றால் அதுவும். சொல் சார்ந்த டெஸ்டுகளை மொழியே தோற்கடித்துவிடும்.

இனி சிபிடி, அதாவது செய்த வேலைக்கான கோடுகள். பணம் கரைவது இங்கேதான்.

92620 என்பது மைய செவிச் செயல்பாட்டுக்கான முதல் 60 நிமிட மதிப்பீடு, ரிப்போர்ட்டோடு சேர்த்து. 92621 அதற்கு மேல் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும். இரண்டும் கடிகாரக் கோடுகள் என்பதால் பாதியைத் தாண்ட வேண்டும் என்ற பொதுவிதி பொருந்தும். 31 முதல் 67 நிமிடம் வரை 92620 மட்டும். 68 முதல் 82 வரை 92621 ஒன்று சேரும். 83 முதல் 97 வரை இரண்டு. எண்ண வேண்டியது நோயாளியோடு நேருக்கு நேர் செலவிட்ட நேரம். அவர் போனபின் ரிப்போர்ட் எழுதிய நேரம் கோடின் மதிப்பில் அடங்கிவிட்டது, அதைக் கூட்டக் கூடாது.

ஓர் உதாரணம். ரிப்போர்ட்டில் "10:05 முதல் 11:40 வரை" என்று இருக்கிறது. 95 நிமிடம், அதாவது 92621 இரண்டு என்று அவசரப்படாதீர்கள். அதே வேளையில் 20 நிமிடம் 92557-ம் (முழுமையான கேட்டல் பரிசோதனை) செய்து தனியாக பில் செய்திருந்தால், மிச்சம் 75. ஒன்றுதான் கிடைக்கும். குழந்தைக்கு 10 நிமிட இடைவேளை கொடுத்திருந்தால் 65; 92621 காணாமல் போகிறது! மொத்த நேரத்தை மட்டும் எழுதும் ஆடியாலஜிஸ்டிடம், ஒவ்வொரு பகுதிக்கும் ஆரம்பமும் முடிவும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். பின்னால் அடெண்டம் (பிற்சேர்க்கைக் குறிப்பு) வாங்க ஓடுவதை விட இது சுலபம்.

ஒன்றாகப் போடக் கூடாதவையும் உண்டு. பேச்சு, மொழி மதிப்பீட்டுக் கோடுகளான 92521 முதல் 92524 வரை 92620-ஓடு சேராது என்று சிபிடி புத்தகத்திலேயே அடைப்புக்குறிக் குறிப்பு இருக்கிறது. 92571, 92572, 92576 ஆகியவை தனித்தனி மைய செவி டெஸ்டுகள். தொகுப்பாகச் செய்து 92620 போட்டபின் அவற்றையும் அடுக்கினால் ஒரே வேலைக்கு இருமுறை காசு கேட்பதாகும்.

நோய்க்கோடுகளிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எச்93.25-க்குக் கீழே எஃப்80.2 எக்ஸ்க்ளூட்ஸ்1-ஆக (இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது என்ற குறிப்பு) நிற்கிறது. அது புரிதலும் வெளிப்பாடும் சேர்ந்த மொழிக் கோளாறுக்கான கோடு. முந்தைய பட்டியலான ஐசிடி-9 காலத்தில் 315.32 என்ற ஒரே கோடுக்குள் இரண்டும் குடியிருந்தன என்பது பழைய கோடர்களுக்கு நினைவிருக்கும். குழந்தைக்கு இரண்டும் உண்டென்று எழுதியிருந்தால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நிலைகளா என்று ஆடியாலஜிஸ்டுக்குக் குவரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்புங்கள். அவர் அப்படி உறுதிசெய்தால் விதிவிலக்கு உண்டு, இல்லாவிட்டால் ஒன்றுதான். கவனக்குறைவுக்கான எஃப்90 வரிசைக்கு இந்தத் தடை கிடையாது. தலைக்காயத்துக்குப் பின் வந்த கோளாறு என்றால் எச்93.25 முதலில், காயத்தின் எஸ் என முடியும் சீக்வெலா (பின்விளைவு) கோடு அடுத்து. வரிசையை மாற்றினால் கிளெய்ம் திரும்பி வரும்.

சிகிச்சைக்குப் போகும்போது 92507. இது கடிகாரக் கோடு அல்ல. 30 நிமிடமானாலும் 55 நிமிடமானாலும் ஒரு யூனிட்தான். மெடிகேரில் (அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடு) ஆடியாலஜிஸ்ட் செய்யும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது. அவர்கள் செய்யும் நோயறி பரிசோதனைகளுக்கு மட்டும்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் டினையல் (பணம் தர மறுப்பு) வந்தால் காரண வரியை முழுதாகப் படியுங்கள். சில காப்பீட்டு நிறுவனங்கள் இந்த மதிப்பீட்டையே நிரூபிக்கப்படாதது என்று தங்கள் பாலிசியில் எழுதி வைத்திருக்கின்றன. அங்கே மாடிஃபையர் (கோடோடு ஒட்டும் கூடுதல் குறி) சேர்ப்பதாலோ கோடை மாற்றுவதாலோ எதுவும் நடக்காது. அப்பாயிண்ட்மெண்டுக்கு முன்பே பாலிசியைப் பார்த்து, பெற்றோரிடம் செலவைச் சொல்லி எழுத்தில் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்.