பல்லி இல்லை, ஹார்டு டிஸ்க்

கடைக்கு வந்திருந்த அம்மாதான் முதலில் கவனித்தார். "பல்லி சொல்லுதுடா, நல்லதுதான்" என்றார். டக்... டக்... என்ற அந்தச் சத்தம் சுவரிலிருந்து வரவில்லை. மேசைக்கு அடியில் இருந்த சிபியூவிலிருந்து வந்தது.

திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைதான் முக்கிய வேலை. "அக்கா கல்யாணத்துக்கு அடிச்ச மாதிரியே தம்பிக்கும் போட்டுடுங்க" என்று பத்து வருஷம் கழித்தும் வந்து நிற்பார்கள். அதனால் எதையும் அழித்ததில்லை. பதினான்கு வருஷ டிசைன், பழைய ஃபாண்ட், கணக்கு எல்லாமே ஒரே 1 டிபி டிஸ்க்கில். பேக்கப்? பென்டிரைவில் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம்தான்.

ஒரு வாரமாகவே, டிசைன் போடும் கோரல்டிராவில் ஒரு கோப்பு திறப்பதற்குள் டீ ஆறிப்போகும். வைரஸாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் காலையில் விண்டோஸ் தானாகவே டிஸ்க்கைச் சோதிக்க ஆரம்பித்தது. அதை ஓட விட்டேன் பாருங்கள், அதுதான் நான் செய்த பெரிய தப்பு. செக்டிஸ்க் என்ற அந்தச் சோதனைக்குக் கோப்புகளின் பதிவேடு ஒழுங்காக இருந்தால் போதும். உள்ளே இருப்பது பிழைத்ததா என்பது அதன் கவலை இல்லை. மூன்று மணி நேரம் ஓடி முடிந்தபோது 'தை முகூர்த்தம்' ஃபோல்டரைக் காணோம். அதற்குப் பதிலாக 'ஃபவுண்ட்.000' என்று ஒன்று. உள்ளே பெயரில்லாத துண்டுகள்.

பக்கத்து சர்வீஸ் கடையில் ஃபார்மேட் அடித்தால் சரியாகிவிடும் என்றார்கள். நல்லவேளை, அதற்கு முன் அக்கா மகனுக்கு போன் போட்டேன். "மாமா, மொதல்ல அணைங்க. நான் வர்ற வரைக்கும் ஆன் பண்ணாதீங்க." ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்ததும் மஞ்சளில் எச்சரிக்கை. சி5 என்ற வரியில் 1ஏ8. "என்னடா இது, பஸ் நம்பர் மாதிரி?" "பதினாறடிமான எண் மாமா. நம்ம கணக்குல 424." படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின், அதாவது டிஸ்க்கில் உள்ள சின்னச் சின்னக் கட்டங்களின், எண்ணிக்கையாம் அது. அங்கே புதிதாக ஏதாவது எழுதினால், இடம் நிஜமாகவே கெட்டிருந்தால் டிஸ்க் அதைக் கழித்துவிட்டு உபரி இடத்துக்கு மாறிக்கொள்ளும், எண்ணும் குறையும். ஃபார்மேட் அடித்ததும் டிஸ்க் குணமானது போலத் தெரிவது இப்படித்தான். பழைய சரக்கு போனது போனதுதான். கேபிள் கோளாறாக இருக்குமோ என்றும் கேட்டேன். அதற்கான சி7 வரியில் பூஜ்யம். கேபிள் நிரபராதி.

டக் சத்தம் ஓயாமல் வந்து, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வரும் பயாஸ் திரையில் டிஸ்க்கே தெரியாவிட்டால் நாம் கை வைக்கவே கூடாது, தூசியில்லா அறை உள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றான். எங்களுடையது கெட்ட இடத்தைத் தொடும்போது மட்டும் தட்டியது. சரி, முயற்சி பண்ணலாம் என்று முடிவு செய்தோம்.

புதிதாக 2 டிபி டிஸ்க் ஒன்று வாங்கி வந்தேன். பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி, கெட்டுப்போகும் டிஸ்க்கிலிருந்து மீட்கும் டிடிரெஸ்க்யூவை ஓட விட்டான். கோப்பு கோப்பாக அல்ல, டிஸ்க்கை அப்படியே நகல் எடுப்பது. என்டர் தட்டும் முன், இரண்டு டிஸ்க்கின் ஸ்டிக்கரிலும் இருந்த சீரியல் நம்பரை டார்ச் அடித்து என்னை வாய்விட்டுப் படிக்கச் சொன்னான். எது மூலம், எது நகல் என்பது மாறிப்போனால் காலி டிஸ்க் பழையதன் மேல் ஏறிவிடும்.

படிக்க வருவதையெல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, சிக்கும் இடங்களைத் தாண்டிப் போய்விடுகிறது. அதுதான் அதன் சாமர்த்தியம். நாலரை மணி நேரத்தில் 99.6 சதவீதம். மீதிக்கு இரண்டு ராத்திரி. டிஸ்க் சூடாகாமல் இருக்க டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தோம். இரண்டாம் ராத்திரி கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் படுத்துவிட்டது. மறுபடி ஆன் செய்தபோது டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும் வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியவில்லை. எதுவரை படித்தோம் என்பதை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொண்டே போவதால், விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தது.

கடைசியில் மிஞ்சியது 23 எம்பி. அது எந்தெந்தக் கோப்பில் என்று தெரிய வேண்டுமே? நகலில் அந்த ஓட்டைகளை எல்லாம் 'போச்சு' என்ற சொல்லால் நிரப்பினான். பிறகு எல்லாக் கோப்பிலும் 'போச்சு'வைத் தேடினான். ஒன்பது கோப்புகள் சிக்கின. எட்டு பழைய விசிட்டிங் கார்டுகள். ஃபவுண்ட்.000 துண்டுகளின் பெயருக்குப் பின்னால் கோரல் எக்ஸ்டென்ஷன் போட்டுப் பார்த்ததில் பாதிக்கு மேல் திறந்தன.

ஒன்பதாவது, அடுத்த வாரம் அச்சுக்குப் போக வேண்டிய பத்திரிகை. பெண்ணின் தாய்மாமனுக்கு வாட்ஸ்அப்பில் புரூஃப் அனுப்பியிருந்தது நினைவுக்கு வந்தது. திருப்பி அனுப்பச் சொல்லி, 42 உறவினர் பெயரையும் மறுபடி உட்கார்ந்து அடித்தேன். புதுப் புரூஃபைப் பார்த்துவிட்டு அவர் போன் செய்தார். "தம்பி, என் இனிஷியல் தப்பா இருக்கே?" பழையதிலும் அப்படித்தான் இருந்தது. அவர்தான் ஓகே சொல்லியிருந்தார்.