விற்கப் போட்ட டொமைனுக்கு வருபவரை எங்கே அனுப்புவது? வன்னியிலிருந்து செய்து பார்த்தவை

ஒரு டொமைன் பெயரைப் பதிவு செய்த அன்றே அது ஏதோ ஒரு பக்கத்தைக் காட்டத் தொடங்கிவிடும். நாம் ஒன்றும் செய்யாமல் விட்டால் வருவது பதிவாளரின், அதாவது பெயரைப் பதிந்து தந்த நிறுவனத்தின், பக்கம்: "விரைவில் வரும்" என்றொரு வரி, கீழே அவர்களுடைய விளம்பரம். பெயரை வாங்கும் எண்ணத்தோடு அடித்துப் பார்த்தவருக்கு அது விற்பனைக்கு இருப்பதே தெரியாது. பெயர் யாருடையது என்று காட்டும் ஹூஇஸ் பதிவில் தேடினாலும் இப்போது பெரும்பாலும் உரிமையாளரின் பெயரும் மின்னஞ்சலும் மறைக்கப்பட்டிருக்கும். ஆகவே அந்த ஒரு பக்கம்தான் கடைவாசல். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருந்து பெயர் விற்கும் நாங்கள் சிலர், வாசலை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்தோம்.

முதலில் விளம்பரப் பார்க்கிங். நேம்சேர்வரை, அதாவது பெயரை அடித்தவர் எங்கே போகவேண்டும் என்று சொல்லும் சேர்வரை, ஒரு பார்க்கிங் நிறுவனத்துக்கு மாற்றினால் பக்கம் முழுக்க விளம்பர இணைப்புகள் வரும். யாராவது சொடுக்கினால் சதக் கணக்கில் காசு. ஆட்கள் தாமாகவே அடித்து வரும் பழைய, பொதுவான ஆங்கிலப் பெயர்களுக்கு ஒருகாலத்தில் இது சரிவந்தது. நேற்றுப் பதிந்த பெயருக்கு வராது. 2025இல் கூகுள், பார்க்கிங் பக்கங்களில் விளம்பரம் காட்டுவதை விளம்பரதாரர் விரும்பிக் கேட்டால் மட்டும் என்று மாற்றிய பிறகு இருந்த கொஞ்சமும் சுருங்கியது. காசைவிடப் பெரிய சிக்கல் வேறு. வர்த்தகக் குறி வைத்திருக்கும் ஒரு நிறுவனம், டொமைன் பெயர்ப் பிணக்குகளுக்கான யூடிஆர்பி முறையில் வழக்குப் போட்டால், அவர்களின் பொருளோடு போட்டியிடும் விளம்பரங்கள் அந்தப் பக்கத்தில் இருந்தது கெட்ட நோக்கத்துக்குச் சாட்சியாக எடுக்கப்படலாம். விளம்பரத்தை இயந்திரம்தான் தானாகத் தெரிவுசெய்து போட்டது என்ற விளக்கம் பொதுவாக எடுபடாது. விற்கும் நோக்கமுள்ள பெயரில் விளம்பரம் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

அடுத்தது பெயரைப் பிரித்து வைப்பது. எங்களிடமிருந்த பெயர்களை "வாங்கப்போகிறவர் யார், அவர் கையில் என்ன இருக்கிறது" என்ற ஒரே கேள்வியால் இரண்டு குவியலாக்கினோம். ஆங்கிலச் சொற்களால் ஆன பொதுப் பெயர்கள் ஒன்று. இவற்றை வாங்குபவர் டொலர் அட்டையோடு எந்த நாட்டிலிருந்தும் வரலாம். மற்றது ஊர்ப்பெயர், நெல், பனைவெல்லம், கச்சான், மொட்டைக்கறுப்பன் அரிசி என்று எங்கள் பக்கத்துச் சொற்களால் ஆனவை. இவற்றை வாங்குபவர் மாங்குளத்தில் கடை வைத்திருக்கும் ஒருவர், அல்லது ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய மருமகன். இந்த இரண்டு குவியலையும் ஒரே இடத்துக்கு அனுப்பியதுதான் ஆரம்பத்தில் செய்த பெரிய பிழை.

முதற் குவியலுக்குச் சந்தைத்தளத்தின் விற்பனைப் பக்கமே நல்லது. அஃப்டர்னிக், சேடோ, அட்டம் போன்றவை அந்தப் பக்கத்தைத் தாங்களே தந்து, பணத்தையும் வாங்கி, பெயரையும் கைமாற்றித் தருகின்றன. அஃப்டர்னிக் கோடாடியின் கையில் உள்ளது. 2024 பெப்ரவரியில் அது தரகை இப்படி மாற்றியது: நேம்சேர்வர் அவர்களை நோக்கியிருந்தால் 15 வீதம், வேறெங்கும் நோக்கியிருந்தால் 25 வீதம். 800 டொலர் பெயருக்கு இது 120க்கும் 200க்கும் உள்ள வித்தியாசம். 2024 செப்டெம்பரில் டொட் கொம்மின் மொத்த வியாபார விலை வருடத்துக்கு 10.26 டொலரானது, அந்தக் கணக்கில் இந்த 80 டொலர் ஏறக்குறைய எட்டு வருடப் புதுப்பிப்பு. வாசலை எங்கே வைக்கிறோம் என்பதே காசு. பட்டியலை இரண்டு மூன்று சந்தைகளில் போடலாம், நேம்சேர்வர் மட்டும் ஒரு இடத்தைத்தான் நோக்கும். எல்லா இடத்திலும் விலை ஒன்றாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் 800, மற்ற இடத்தில் 950 என்றால் வாங்குபவர் இரண்டையும் கண்டுபிடித்துவிடுவார், நம்பிக்கை போய்விடும்.

வரிசை முக்கியம். முதலில் சந்தையில் கணக்குத் திறந்து, பெயரைச் சேர்த்து, விலை போட்டு, அது அங்கீகரிக்கப்பட்ட பிறகே பதிவாளரிடம் நேம்சேர்வரை மாற்ற வேண்டும். தலைகீழாகச் செய்தால் விலையே இல்லாத வெறும் பக்கம் நாள்கணக்கில் நிற்கும். உரிமையை உறுதிப்படுத்த, நேம்சேர்வரில் எழுதிவைக்கும் டிஎக்ஸ்டி பதிவு கேட்கும் சந்தையென்றால், அந்தப் பதிவைப் பழைய நேம்சேர்வரில் இருக்கும்போதே போட்டு முடியுங்கள். நேம்சேர்வரை மாற்றிவிட்டால் பழைய இடத்தில் எழுதிய எதையும் யாரும் வாசிக்கப் போவதில்லை. அந்தப் பெயரில் மின்னஞ்சல் வைத்திருந்தால் அதுவும் அதே நேரத்தில் நின்றுவிடும்.

இனிப் பிழை வரும் இடங்கள். டொட் கொம் பெயரின் நேம்சேர்வர் விபரம் மேல்நிலைச் சேர்வர்களில் 1,72,800 செக்கன், அதாவது 48 மணித்தியாலம், சேமிப்பில் இருக்கக்கூடியது. மாற்றிய ஒரு மணித்தியாலத்தில் உங்கள் கைபேசியில் புதுப் பக்கம் வரும், பக்கத்து வீட்டில் பழையது வரும். இது பிழையில்லை, பொறுக்க வேண்டும். இரண்டு நாள் கழிந்தும் பக்கமே திறக்கவில்லை என்றால் முதலில் டிஎன்எஸ்செக்கைப் பாருங்கள்; நேம்சேர்வரின் பதில் உண்மையானதா என்று சாவி வைத்துச் சரிபார்க்கும் முறை அது. முன்பு அது இயக்கப்பட்டிருந்து, பழைய சாவியைச் சுட்டும் டிஎஸ் பதிவு அப்படியே கிடந்தால், புதிய நேம்சேர்வரின் பதில் பழைய சாவியோடு பொருந்தாது. அதைச் சரிபார்க்கும் சேர்வர்களைப் பாவிப்பவர்களுக்குப் பெயர் இல்லாதது போலவே இருக்கும். சரிபார்க்காதவற்றைப் பாவிப்பவர்களுக்குத் திறக்கும். "எனக்கு வருகிறது, உனக்கு ஏன் வரவில்லை" என்று ஆளையாள் கேட்டுக்கொண்டிருக்க வைப்பது இதுதான். நேம்சேர்வரை மாற்ற முதல் டிஎஸ் பதிவை அழித்து, ஒரு நாள் விட்டு மாற்றுங்கள்.

மற்றது மின்னஞ்சல் உறுதிப்படுத்தல். பதிவு செய்ததும் வரும் உறுதிக் கடிதத்தை 15 நாளுக்குள் சொடுக்காவிட்டால் டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் விதிப்படி பதிவாளர் பெயரை நிறுத்திவைக்க வேண்டும். பெயர் உங்களுடையதாகவே இருக்கும், வாசல் மட்டும் பூட்டப்பட்டிருக்கும். கடிதம் ஸ்பாம் பெட்டிக்குள் கிடந்து இப்படிப் பூட்டப்பட்ட பெயர்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

பதிவாளர் தரும் ஃபோர்வர்டிங் வசதியால், நேம்சேர்வரை மாற்றாமல் சந்தையின் பட்டியல் பக்கத்துக்குத் திருப்பிவிடலாம் என்று தோன்றும். செய்து பார்த்ததில் பல இடங்களில் எச்டிடிபி முகவரிக்கு மட்டும் வேலை செய்தது. குரோம் உலாவி 2021இல் 90ஆம் பதிப்பிலிருந்து, அடித்த முகவரியை முதலில் அதன் பாதுகாப்பான வடிவமான எச்டிடிபிஎஸ் ஆகத்தான் முயல்கிறது. எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய சான்றிதழ் இல்லாத ஃபோர்வர்டிங் என்றால் வருபவர் சிறிது காத்திருப்பார், அல்லது "இது பாதுகாப்பானதல்ல" என்ற பக்கத்தைக் காண்பார். ஆகவே நான்கு வகையாகவும் அடித்துப் பாருங்கள்: எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், இரண்டிலும் முன்னால் மூன்று டபிள்யூ போட்டும் போடாமலும். வீட்டு வைஃபையில் மட்டும் பார்த்தால் போதாது. டயலொக்கிலும் மொபிடெலிலும் டேட்டா போட்டுப் பாருங்கள். முத்தையன்கட்டுப் பக்கம் நின்று ஒரு கோட்டுச் சிக்னலில் திறந்தால் எங்கும் திறக்கும்.

இரண்டாம் குவியலுக்கு வருவோம். ஊர்க் கடைக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில், டொலர் விலையோடு, கடனட்டை கேட்கும் பக்கத்தைக் கண்டால் மூடிவிடுவார். அவருடைய வங்கி அட்டையில் இணையக் கொடுப்பனவு திறக்கப்பட்டிருக்குமா என்பதே சந்தேகம். அவருக்கு வேண்டியது தமிழில் பெயர், ரூபாயில் விலை, பேசுவதற்கு ஓர் ஆள். இதற்கு நாங்களே பக்கம் செய்தோம். ஒற்றை எச்டிஎம்எல் கோப்பு, படம் இல்லை, எழுத்துரு இறக்கம் இல்லை, முழுதாக 20 கிலோபைட்டுக்குள். மேலே பெரிய எழுத்தில் டொமைன் பெயர், அடுத்து "இந்தப் பெயர் விற்பனைக்கு", அதன்கீழ் ரூபாய் விலையும் டொலர் விலையும், பிறகு வட்ஸ்அப் பொத்தான். பொத்தானை அழுத்தும்போது டொமைன் பெயர் ஏற்கெனவே எழுதப்பட்ட செய்தி திறக்கும்படி இணைப்பை அமைத்தால், எந்தப் பெயரைக் கேட்கிறார் என்று திருப்பிக் கேட்கத் தேவையில்லை. தனிப்பட்ட இலக்கத்தைப் போடாதீர்கள், இதற்கென்று ஒரு சிம் வையுங்கள்.

பல பெயருக்கு ஒரே பக்கம் போதும். நேம்சேர்வர் சேவை தரும் கிளவுட்ஃபிளேயரின் இலவசக் கணக்கில் ஒவ்வொரு பெயரையும் சேர்த்து, 192.0.2.1 என்ற முகவரிக்கு ஏ பதிவு (பெயரைச் சேர்வர் முகவரியோடு இணைப்பது) போட்டு, கோரிக்கையைக் கிளவுட்ஃபிளேயரே வாங்கிக்கொள்ளச் செய்யும் செம்மஞ்சள் மேகக் குறியை இயக்கிவிட வேண்டும். அந்த முகவரி உதாரணங்களுக்கென ஒதுக்கப்பட்டது, அங்கே சேர்வர் எதுவும் இல்லை. மேகம் இயங்கினால் கோரிக்கை அதுவரை போகாது. பிறகு ஒரு திருப்புதல் விதி எழுதி விற்பனைப் பக்கத்துக்கு அனுப்புங்கள். மூன்று டபிள்யூ போட்ட முகவரிக்கும் தனியாக ஒரு பதிவு வேண்டும், இதை மறப்பவர்கள் அதிகம். சான்றிதழைக் கிளவுட்ஃபிளேயரே எடுத்துத் தரும். விதியில் நிரந்தரத் திருப்புதலான 301 போடாமல் தற்காலிகமான 302 போடுங்கள். 301 நிரந்தரம் என்று உலாவி நினைவில் வைத்துக்கொள்ளும். பெயரை விற்ற பிறகும், முன்பு வந்துபோனவர்களின் கைபேசி உங்கள் பக்கத்துக்கே போகும். வாங்கியவர் புதுத்தளம் திறந்த அன்று இது நடந்தால் அவர் முகத்தில் விழிக்க முடியாது.

ஊர்ப்பெயர்களில் எழுத்துக்கூட்டல் பெரிய விடயம். வன்னியை ஆங்கிலத்தில் வீ போட்டும் எழுதுகிறார்கள், டபிள்யூ போட்டும் எழுதுகிறார்கள். முல்லைத்தீவுக்கு ரீ ஒன்றா இரண்டா, கடைசியில் தீவு எப்படி என்று நாலைந்து வடிவம். கிளிநொச்சியில் சீயும் எச்சும் ஆளுக்கொரு விதம். இரண்டு வடிவமும் கையில் இருந்தால் ஒன்றை முதன்மையாக வைத்து, மற்றதை அதன் பக்கத்துக்கே 302 ஆல் திருப்பி, இரண்டையும் ஒரே விலையில் சோடியாக விற்பதே நேர்மை. தனித்தனியாக விற்றால் வாங்கிய இருவரின் வாடிக்கையாளரும் மாறிமாறிப் போவார்கள். தமிழ் எழுத்திலேயே பதிந்த பெயர் என்றால், சில சந்தைப் பக்கங்கள் அதை எக்ஸ்என் இரட்டைக் கோட்டில் தொடங்கும் விளங்காத எழுத்துத் தொடராகக் காட்டும். அந்தப் பெயர்களுக்குச் சொந்தப் பக்கமே சரி. கோவில், பாடசாலைப் பெயர்களை நாங்கள் இந்தக் கணக்குக்குள் கொண்டுவருவதில்லை. அவை ஊருடையவை.

விலையைப் பக்கத்திலேயே போடுங்கள். "உங்கள் விலையைச் சொல்லுங்கள்" என்று விட்டால், ரொறன்ரோவில் பிற்பகல் 2 மணிக்குக் கேட்பவரின் செய்தி கோடைகாலத்தில் எங்களுக்கு இரவு 11.30க்கு வரும். விடிந்து பதில் போடும்போது அவர் படுத்திருப்பார். இப்படி மூன்று நாள் இழுத்தால் ஆர்வம் ஆறிவிடும். பேரத்துக்கு இடம்விட விரும்பினால் நிலைவிலையோடு குறைந்தபட்ச முன்மொழிவையும் போடலாம்.

பணம் வரும் வழியை வாசல் வைக்க முன்னரே பார்த்துவையுங்கள். அமெரிக்கச் சந்தை டபிள்யூ-8 பென் என்ற வரிப் படிவம் கேட்கும். வங்கிக்கு நேரடியாக அனுப்பும்போது சிக்குவது பெயர்: அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு முழுப்பெயர், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தோடு பெயர், சந்தைக் கணக்கில் முதற்பெயர் கடைசிப்பெயர் என்று இரண்டாக வெட்டியது. மூன்றும் ஒத்துவராவிட்டால் காசு திரும்பிப் போகும், அனுப்பிய கட்டணமும் கழியும். சந்தைக் கணக்கில் வங்கிப் புத்தகத்தில் உள்ளபடியே எழுதுங்கள். இடையிலுள்ள வங்கியும் கொஞ்சம் கழிக்கும், அதையும் விலையில் சேருங்கள். சொந்தப் பக்கத்தில் வெளிநாட்டவர் வந்தால், பெயர் கைமாறும் வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் எஸ்க்ரோ டொட் கொம் மூலம் செய்யலாம். அதன் கட்டணத்தை யார் தருவதென்று முதலே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு பெயர் விலைபோனதும் அதே மணித்தியாலத்தில் மற்றச் சந்தைகளிலிருந்து எடுத்துவிட வேண்டும். மற்றவரும் வாங்கு பொத்தானை அழுத்திவிட்டால் இரண்டு பேருக்குக் கடமைப்பட்டவராவீர்கள். பதிந்து 60 நாள் ஆகாத பெயரை வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது, அதே பதிவாளருக்குள் கணக்குவிட்டுக் கணக்கு மாற்றலாம் என்பதை வாங்குபவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். பணம் வந்தது என்று சந்தையோ எஸ்க்ரோவோ உறுதிசெய்யும் வரை நேம்சேர்வரைத் தொடாதீர்கள். உறுதி வந்ததும் கிளவுட்ஃபிளேயரிலிருந்து அந்தப் பெயரை அழித்து, டிஎஸ் பதிவு எதுவும் மிச்சமில்லை என்று பார்த்து, பிறகு பதிவாளரிடம் பெயரின் மாற்றப் பூட்டைத் திறந்து, வேறு பதிவாளருக்குக் கொண்டுபோக வேண்டிய மாற்றுக் குறியீட்டை வாங்கியவருக்கு அனுப்புங்கள்.