மின்திறன் கணக்கில் முதலில் மின்தடையைப் பிடியுங்கள்

பத்தாம் வகுப்பு காலாண்டுத் தேர்வில் எனக்கு வந்த கேள்வி இது. 220 வோல்ட், 100 வாட் என்று அச்சிட்ட பல்பை 110 வோல்ட்டில் இணைத்தால் எவ்வளவு திறன் எடுக்கும்? மின்னழுத்தம் பாதி, அதனால் திறனும் பாதி, 50 வாட் என்று எழுதிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். சரியான விடை 25 வாட். தாளில் சிவப்பு மையில் ஒரு கோடு இருந்தது, அவ்வளவுதான். ட்யூஷனில் கேட்டால் 'பார்முலாவை இன்னும் நல்லா மனப்பாடம் பண்ணு' என்றார்கள். பார்முலா எனக்குத் தெரியும், எது தெரியவில்லை என்பதுதான் தெரியவில்லை.

அது விளங்கியது குடியாத்தத்தில், மாமாவின் மோட்டார் வைண்டிங் கடையில். காலாண்டு விடுமுறைக்குப் போயிருந்தேன். கையில் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே கேள்வியைக் கேட்டவர், "இன்னாடா இது, வோல்டேஜ் பாதியானா கரண்ட் மட்டும் அப்படியே நிக்குமா?" என்றார்.

நிற்காது. மின்னழுத்தம் × மின்னோட்டம் என்று திறனை எழுதும்போது நாம் மின்னழுத்தத்தை மட்டும் பாதியாக்கிவிட்டு மின்னோட்டத்தை மறந்துவிடுகிறோம். ஓம் விதிப்படி அதுவும் பாதியாகும், பாதியில் பாதி கால். இந்த மாதிரிக் கணக்கில் மாறாமல் இருப்பது பல்பின் மின்தடை ஒன்றுதான், அதனால் முதல் வரியிலேயே அதைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் திறனால் வகுத்தால் மின்தடை: 220 × 220 ÷ 100 = 484 ஓம். அப்புறம் அதே வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் திறன்: 110 × 110 ÷ 484 = 25 வாட். அதற்குப் பிறகு எந்த வோல்ட் கொடுத்தாலும் பயமில்லை.

மாமா அதோடு விடவில்லை. கடையில் சீரிஸ் போர்டு, அதாவது பல்பைத் தொடராக இணைத்துச் சோதிக்கிற பலகை இருக்கும், அதில் ஒரே மாதிரி இரண்டு 100 வாட் குண்டு பல்புகளைத் தொடராகப் போட்டு எரியவிட்டார். ஆளுக்குப் பாதி வோல்டேஜ். வெளிச்சம் செம்மஞ்சளாக, உள்ளே இழை தனியாகத் தெரிகிற அளவுக்கு மங்கலாக இருந்தது. பிறகு ஒரு பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, மல்டிமீட்டரை என் கையில் கொடுத்தார். 230 வோல்ட் பல்பு, கணக்குப்படி 529 ஓம் வர வேண்டும். மீட்டர் காட்டியது 40 ஓம் பக்கம்! மீட்டர் கெட்டுப்போச்சு என்றுதான் நினைத்தேன். மீட்டரில் பழுதே இல்லை. டங்ஸ்டன் இழை சூடாகும்போது அதன் மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறும், 529 என்பது எரிகிற பல்பின் மின்தடை. இதே காரணத்தால் 110 வோல்ட்டில் நிஜப் பல்பு 25 வாட்டைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எடுக்கும். தேர்வில் மின்தடை மாறாது என்று வைத்துக்கொண்டே போடுங்கள், கேள்வி அதைத்தான் எதிர்பார்க்கிறது.

இன்னொன்றும் அங்கேதான் கற்றேன். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை வரும் என்பதை ஓடுகிற மோட்டாரில் போட்டுப் பார்க்காதீர்கள். சுருளின் மின்தடை சில ஓம்தான் இருக்கும், கணக்கு வேறு ஏதோ காட்டும், ஏனென்றால் சுழலும் மோட்டாருக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தம் உண்டாகிறது. ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், குண்டு பல்பு, இவற்றுக்குத்தான் இந்தக் கணக்கு நேராகப் பொருந்தும்.

வீட்டில் இருக்கும் பொருளை வைத்துப் பழகுவதுதான் எனக்கு மிகவும் உதவியது. காட்பாடியில் எங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் 1500 வாட். 1500 ÷ 230 = 6.5 ஆம்பியர். அதை 6 ஆம்பியர் சின்னப் பிளக்கில் செருகிச் செருகி, பிளக் பழுப்பேறி இளகிப்போனது. கணக்குப் போட்டபிறகுதான் அது ஏன் பவர் பிளக் கேட்கிறது என்று அப்பாவிடம் சொல்ல முடிந்தது. அதன் மின்தடை 35 ஓம் சுமார். சாயங்காலம் வோல்டேஜ் 180க்கு இறங்கினால் கிடைப்பது 919 வாட்தான், தண்ணீர் சுட அவ்வளவு நேரம் ஏன் ஆகிறது என்பதற்கும் பதில் அதில் இருக்கிறது. தினம் அரை மணி நேரம் போட்டால் 60 நாளில் 45 யூனிட், இரண்டு மாத பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அலகு விஷயம் சுருக்கமாக. மில்லி ஆம்பியர் என்று பார்த்ததும் 1000-ஆல் வகுத்துவிட்டுத்தான் மறுவேலை. 12 வோல்ட், 250 மில்லி ஆம்பியர் என்றால் 0.25 ஆம்பியர், 48 ஓம், 3 வாட். மாற்றாமல் போட்டால் 0.048 ஓம் வரும், ஒரு முழப் பித்தளைக் கம்பிக்கு வருகிற மாதிரி விடை. அப்படி ஒரு எண்ணைப் பார்த்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, மாமா எனக்குக் கொடுத்த கணக்கு. 40 வாட் பல்பும் 100 வாட் பல்பும், இரண்டும் 220 வோல்ட்டுக்கானவை, தொடராக 220 வோல்ட்டில். எது பிரகாசமாக எரியும்? மின்தடையிலிருந்து தொடங்குங்கள், 1210 ஓம், 484 ஓம். மின்னோட்டம் இரண்டிலும் ஒன்றுதான், 0.13 ஆம்பியர். 40 வாட் பல்புக்கு சுமார் 20 வாட் போகும், 100 வாட் பல்புக்கு 8 வாட்தான்.