ஒரே கூடைப்பந்துக் கோர்ட், இரண்டு அணி

சின்னக் கல்லூரியில் கூடைப்பந்து ஆட ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் தனித்தனிக் கோர்ட் கிடையாது. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத்தில் ஒரு சிமென்ட் தளம், இரண்டு போர்டு, ஒரு உடற்கல்வி இயக்குநர், அவ்வளவுதான். பெண்கள் அணி படுத்துவிட்டால் ஆள் இல்லை, திறமை இல்லை என்பார்கள். பெரும்பாலும் கோர்ட் யாருக்கு எப்போது என்று எழுதிப் போடாததுதான் காரணம்.

கடைசி மணி அடித்ததும் பையன்கள் பத்துப் பேர் இறங்கி மேட்ச் போட்டுவிடுவார்கள். குளச்சலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் பஸ் பிடிக்க வேண்டிய பெண் பிள்ளைகள் ஓரத்தில் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? வகுப்பு முடிந்த முதல் ஒன்றரை மணி நேரம் ஆளுக்குப் பாதிக் கோர்ட் என்று வைத்துவிடலாம். அதற்குப் பிறகு முழுக் கோர்ட் ஒருநாள் பெண்களுக்கு, மறுநாள் பையன்களுக்கு. ஷூட்டிங், ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்கிற ரீபவுண்டு, ஒருவருக்கொருவர் டிஃபென்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரு ரிங் போதும். பந்து கிடைத்ததும் வேகமாக எதிர்முனைக்கு ஓடும் ஃபாஸ்ட் பிரேக்கும், எதிரணியைக் கோர்ட் முழுக்க நெருக்கும் பிரஸ்ஸும்தான் முழு நீளம் கேட்பவை.

பந்தில்தான் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். ஆண்களுக்கு ஏழாம் நம்பர், சுமார் 600 கிராம். பெண்களுக்கு ஆறாம் நம்பர், சுமார் 530 கிராம், சுற்றளவும் குறைவு. ரிங் உயரம் இருவருக்கும் 3.05 மீட்டர்தான். பையன்கள் போட்டுவிட்டுப் போன ஏழாம் நம்பரிலேயே பழகும் பிள்ளை, பாரம் தாங்காமல் நெஞ்சிலிருந்து இரண்டு கையாலும் தள்ளிப் பழகுவாள். அந்தக் கை அமைப்பைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. இரண்டு வலைப்பைகள், பந்தில் பெயின்ட் அடையாளம், இரண்டு பேருக்கு ஒரு பந்து. ஜெர்ஸிக்குப் போகிற பணத்தில் கொஞ்சம் இதற்கு ஒதுக்கலாம். அணிக்கு மூன்று பேர் ஆடும் த்ரீ ஆன் த்ரீ ஆட்டத்தின் பந்து வேறு: அளவில் ஆறு, எடையில் ஏழு. ஆண், பெண் இருவருக்கும் அதேதான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. தண்ணீர் தேங்கும் மூலையில் பாசி பிடித்தால் ஓடிவந்து ரிங்குக்குப் பக்கத்தில் எம்பிப் பந்தைப் போடும் லேஅப் முடித்துக் கால் ஊன்றுகிறவர் வழுக்கி விழுவார். மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் நம்பக் கூடாது. பிளீச்சிங் பவுடர் தூவி ஊறவிட்டு, விளக்குமாறால் தேய்த்து, நன்றாகக் கழுவிவிட வேண்டும். முழங்கால் மூட்டில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிவது பெண்களுக்குக் கூடுதல். பயிற்சிக்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் குதித்து, முட்டியை மடக்கி, முட்டிகள் உள்பக்கம் சாயாமல் இறங்கப் பழக்குவது இரண்டு அணிக்கும் வேண்டும். பையன்கள் சலித்துக்கொள்வார்கள், சலித்துக்கொள்ளட்டும்.

கடலோரக் கல்லூரி என்றால் உப்புக்காற்றில் ரிங்கின் போல்ட் துருப்பிடிக்கும். தொங்குகிறவர்களும் இருப்பார்கள். முன்பக்கம் தாழ்ந்த ரிங்கில் பழகிய கை, வெளியூர் மேட்சில் பந்தை ரிங்குக்கு எட்டாமல் ஷார்ட்டாகப் போடும். மாதம் ஒருமுறை டேப் வைத்து ரிங்கை முன்னும் பின்னும் அளந்து பார்க்க வேண்டும்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கிற காற்றில் 6.75 மீட்டர் தள்ளியுள்ள மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறிகிற பந்து விலகிப்போகும். பந்தில் காற்றைக் கூட்டினாலும் நிற்காது. எதிர்க்காற்று ரிங் எப்போதும் ஒரே அணிக்கு, அதுவும் வழக்கமாகப் பெண்களுக்கு, விழுந்துவிடக் கூடாது. அந்த மாதங்களில் பாதி நேரம் ஆனதும் விசில் ஊதி இரண்டு அணியையும் பக்கம் மாற்றிவிட வேண்டும்.