விலை உயர்ந்ததா, உயர்த்தினார்களா?

போட்டித் தேர்வின் ஆங்கிலத் தாளில், பிழையைக் கண்டறியும் பகுதியில், 'தி பிரைசஸ் ஹேவ் ரெய்ஸ்டு' என்றொரு வாக்கியம் வந்தது. பிழை இல்லை என்று குறித்துவிட்டு வந்தேன். 'ரைஸ், ரோஸ், ரிஸன்', 'ரெய்ஸ், ரெய்ஸ்டு, ரெய்ஸ்டு' என்று அட்டவணை முழுவதும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் மதிப்பெண் போனது. இரண்டு சொல்லுக்கும் 'உயர்' என்று ஒரே பொருளைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

வீட்டுக்கு வந்து அதே வாக்கியத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தேன்: "விலைகள் உயர்த்தியிருக்கின்றன." படித்ததும் உறுத்தியது. விலைகள் எதை உயர்த்தின? விலை தானாக உயரும். இல்லையென்றால் யாராவது விலையை உயர்த்துவார்கள். பள்ளியில் படித்த தன்வினையும் பிறவினையும்தான் இவை. உயர்ந்தது என்றால் ரைஸ், உயர்த்தினார் என்றால் ரெய்ஸ். எழுந்தான், எழுப்பினான் என்று நாம் ஒருநாளும் தடுமாறுவதில்லை. தமிழ் கேட்டுப் பழகிய அந்தக் காதை ஏன் தேர்வறைக்கு வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும்?

செயப்பாட்டு வினையில் இந்தக் காது இன்னும் நன்றாக உதவும். "விலை உயர்த்தப்பட்டது" என்று சொல்லலாம். "உயரப்பட்டது" என்று யாரும் சொல்ல மாட்டோம். அதனால்தான் 'வாஸ் ரெய்ஸ்டு' சரி, 'வாஸ் ரிஸன்' தவறு.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. "விலை உயர்த்தினார்கள்" என்று 'ஐ' உருபை விட்டுவிட்டும் எழுதுகிறோம். ஆகவே உருபைத் தேடாதீர்கள், வினையின் வடிவத்தைப் பாருங்கள்.

எல்லா இடத்திலும் இந்த வழி செல்லாது. கேள்வி எழுப்பினார் என்பதற்கு 'ரெய்ஸ்டு' அப்படியே பொருந்தும். ஆனால் கேள்வி எழுந்தது என்பதற்கு 'ரோஸ்' இயல்பாக இராது. 'அரோஸ்' என்ற மூன்றாவது சொல் வர வேண்டும். பிள்ளைகளை வளர்த்தார் என்பதற்கு 'ரெய்ஸ்டு' சரி. பிள்ளைகள் வளர்ந்தார்கள் என்பதற்கோ ரைஸ் உதவாது, 'குரூ அப்' வேண்டும். நிதி திரட்டுவதற்கும் ரெய்ஸ்தான். இவற்றைத் தொடராகவே மனத்தில் பதிய வைத்தேன். சம்பள உயர்வு என்ற பெயர்ச்சொல் பிரிட்டிஷ் வழக்கில் 'ரைஸ்', அமெரிக்க வழக்கில் 'ரெய்ஸ்'. அதை வைத்து வினையை முடிவு செய்யாதீர்கள்.

பயிற்சிக்கு ஆங்கில நாளிதழின் வணிகப் பக்கம் எனக்குப் போதுமானதாக இருந்தது. இந்த இரு வினைகளும் வரும் வாக்கியங்களை நாள்தோறும் ஐந்து எடுத்து, எதிரில் தமிழில் எழுதினேன். பொருள் மட்டும் எழுதினால் பயன் இல்லை. முழு வாக்கியமாக எழுத வேண்டும்.

இது கைவந்த பிறகு 'லை', 'லே' இணைக்குப் போங்கள். படுக்கையில் கிடந்தான் என்பது முதலாவது, குழந்தையைத் தொட்டிலில் கிடத்தினாள் என்பது இரண்டாவது. இங்கே மனப்பாடமும் வேண்டும். ஏனென்றால் கிடந்தான் என்பதற்கு உரிய இறந்தகால வடிவமும் 'லே'தான். கிடத்தினாள் என்பதற்கு 'லெய்டு'. மரம் விழுந்தது, மரத்தை வீழ்த்தினான் என்ற 'ஃபால்', 'ஃபெல்' இணையிலும் இதே சிக்கல் உண்டு: விழுந்தது 'ஃபெல்', வீழ்த்தினான் 'ஃபெல்டு'.